அவுட்பாக்ஸில் நின்ற பன்னிரண்டு

என் மகள் வெண்ணிலா ஏழு வயதில் சைக்கிள் கேட்டாள். விண்ணப்பம் எழுதிக் கொடு என்றேன். கொடுத்தாள். ஓரத்தில் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் சிரிக்கவில்லை.

என் மேல் தப்பில்லை. இருபத்தாறு வருடம் காபி எஸ்டேட்டில் ஆள் கணக்கும் கடிதமும் எழுதும் ரைட்டராக இருந்தவன் நான். மிளகு எடை குறைந்தாலும் கடிதம், முதலாளிக்குத் தலைவலி வந்தாலும் கடிதம். பொருள், பார்வை, இங்ஙனம் மாதையன். வெண்ணிலா கோயம்புத்தூரில் நர்ஸாகச் சேர்ந்த பிறகும் எங்களுக்குள் முக்கியமான விஷயமெல்லாம் எழுத்தில்தான். காகிதத்துக்குப் பதில் மெயில். போன் என்பது அவளுக்கும் என் மனைவி கண்ணாயிக்கும் சொந்தம். அது என் கைக்கு வந்தால் எனக்கு இரண்டு கேள்விதான் தெரியும். சாப்பிட்டியா கண்ணு? அங்க மழையா? மூன்றாவது கேள்விக்குள் கண்ணாயி போனைப் பிடுங்கிவிடுவாள்.

மே மாதம் மூன்றாம் தேதி வெண்ணிலாவிடமிருந்து மெயில் வந்தது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இந்த வருடமும் லீவு இல்லையாம். இது மூன்றாவது வருடம். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. உட்கார்ந்து தட்டினேன். 'பொருள்: இனி வர வேண்டியதில்லை எனத் தெரிவித்தல்.' கீழே பதினான்கு வரி. அதில் ஒரு வரியைக்கூட இங்கே எழுத எனக்கு முகமில்லை.

மறுநாள் காலை காபியைப் பாதியில் வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். உடனே அடுத்த மெயில். 'பொருள்: நேற்றைய கடிதத்தை ரத்து செய்தல்.' அது விறைப்பாக இருக்கிறதோ என்று கொஞ்சம் இளக்கி இன்னொன்று. இப்படிப் பத்து நாளில் பதினொரு மன்னிப்பு. ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் திரையில் ஒரு சின்னக் கட்டம் இங்கிலீஷில் ஏதோ சொல்லும். நான் ஓகே அழுத்திவிட்டு எழுந்துவிடுவேன். ஏற்காடு மலையில் எங்கள் வெள்ளக்கடை கிராமத்தில் மஞ்சு மூட்டம் இறங்கினால் கரண்டு, பஸ், போன் எல்லாமே தாமதம்தான். மெயிலுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒருநாள் லேப்டாப்பை வண்டியில் கட்டிக்கொண்டு உச்சிக்கு, கோயில் வாசலுக்கே கொண்டுபோனேன். அங்கே டவர் நன்றாகக் கிடைக்கும், தேங்காய்க் கடையில் வயர் மாட்டக் கரண்டும் கிடைக்கும்.

"ஏனுங்க, லேப்டாப்புக்குக் காது குத்தப் போறீங்களா?" என்றாள் கண்ணாயி, நான் புறப்படும்போது. அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

உச்சியிலும் அதே கட்டம், அதே ஓகே. ஆனால் வெண்ணிலாவின் மெயில் மட்டும் ஒழுங்காக வந்து இறங்கியது. 'அப்பா, பலா பழுத்துருச்சா?' என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படித்துவிட்டு விழுங்கிக்கொண்டாளே, என் பிள்ளைக்கு இத்தனை பெரிய மனசா என்று கோயில் வாசலிலேயே கண் கலங்கினேன். லேப்டாப்பை மடியில் வைத்து அழுகிறவனைப் பார்த்துப் பூசாரி இரண்டு சிட்டிகை விபூதி அதிகம் கொடுத்தார்.

பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை மத்தியானம் இது வந்தது: 'அப்பா, கூட வேலை பாக்கற ஷீனா எனக்காக டூட்டி மாத்திக்கறேன்னு சொல்லிட்டா. திருவிழாவுக்கு வரலாம். ஆனா உங்களுக்கு இன்னும் கோபம் போகலைன்னு தெரியுது. நீங்க வான்னு எழுதினா வர்றேன். அஞ்சு மணிக்குள்ள இங்க சொல்லணும். இல்லாட்டி லீவு வேண்டாம்னு சொல்லிடறேன்.'

எனக்கு அர்த்தமானது இதுதான்: திட்டின கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது, மன்னிப்பு ஒன்றுகூடச் சேரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. டூட்டி நேரத்தில் அவள் போன் லாக்கரில் இருக்கும். மெயிலை வார்டு கம்ப்யூட்டரில்தான் பார்ப்பாள்.

மூன்றரை மணிக்கு ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சங்கீதாவின் ஜெராக்ஸ் கடையில் நின்றேன். சேலத்துப் பெண். ஊரில் பாதிப் பேரின் பாஸ்வேர்டு அவளுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

"ஏனுங்க ரைட்டரே, பேட்டரி செத்து எத்தனை வருசமாச்சுங்க?"

"ரிட்டையர் ஆகும்போது எஸ்டேட்ல குடுத்தது. வயரப் புடுங்கினா அணைஞ்சுரும்."

"ரெண்டு பேரும் ஒண்ணா ரிட்டையராயிட்டீங்களாட்டம் இருக்குது."

திரையை இரண்டு நிமிடம் பார்த்தாள். "வர்ற மெயிலுக்கு உங்க சொந்தக் கணக்கோட சர்வரப் போட்டிருக்கீங்க, சரி. போற மெயிலுக்கு இது யாரோட சர்வருங்க?"

"எஸ்டேட்டோடது."

"எஸ்டேட்ட விட்டுத்தான் வந்துட்டீங்களே. அவங்க எதுக்கு உங்க கடுதாசியத் தூக்கணும்?"

"ஏப்ரல் வரைக்கும் போச்சே, சங்கீதா."

"ஏப்ரல் வரைக்கும் உங்க பேரு அங்க இருந்திருக்கும். அப்புறம் எடுத்துட்டாங்களாட்டம் இருக்குது."

எஸ்டேட் ஆபீசில் ஆணியில் ஒரு காக்கித் தபால் பை தொங்கும். எங்கள் சொந்தக் கடிதங்களையும் அதில்தான் போடுவோம். யார் தூக்கிப்போகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. சொந்த மெயில் கணக்கை இந்த லேப்டாப்பில் போட்டபோது, 'வெளியே போகும் சர்வர்' என்ற இடத்தில் எஸ்டேட் பெயர் ஏற்கெனவே இருந்தது. பெரிய இடத்துப் பெயரை அழிப்பானேன் என்று மரியாதையாக விட்டுவைத்தேன்.

சங்கீதா அதை மரியாதை இல்லாமல் அழித்தாள். வேறொரு பெயர் அடித்தாள். 587 என்று ஓர் எண் போட்டாள். இதற்கென்றே தனியாக ஒரு பாஸ்வேர்டு எடுத்தாள்.

"இனிமே உங்க மெயிலு உங்க பேர்லயே போகுமுங்க."

"இதுவரைக்கும் போனதெல்லாம்?"

"எதுவுமே போகலீங்க. பாருங்க, அவுட்பாக்ஸ்ல பன்னண்டு நிக்குது."

பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அடியில், மூன்றாம் தேதி. அதுவும் போகவில்லை. அவளுக்கு எதுவுமே தெரியாது. பதிலே வராததைத்தான் கோபம் என்று நினைத்திருக்கிறாள். பத்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி வெளியே வைத்த மாதிரி இருந்தது.

"கவலைய விடுங்க. ஓகே குடுத்தா பழசுல இருந்து வரிசையாப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே சங்கீதா ஓகே கொடுத்தாள்.

'பன்னிரண்டில் ஒன்று' என்று ஒரு பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது.

நான் வயரைப் பிடுங்கினேன்.

திரை இருண்டது. ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் ஓரடி தள்ளி நின்றார். சங்கீதா மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நல்லாத்தானுங்க இருந்தீங்க" என்றாள்.

மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து கடையின் வைஃபை பெட்டியை அணைத்துவிட்டு வந்தாள். லேப்டாப்பை முடுக்கினோம். எஸ்டேட்டில் இருபத்தாறு வருடம் போனதே தெரியவில்லை. அது எழுந்திருக்க எடுத்துக்கொண்ட ஏழு நிமிடத்தில் நான் இரண்டு தடவை சேர்வராயனை வேண்டிக்கொண்டேன். நாலு இருபத்தைந்து.

அவுட்பாக்ஸைத் திறந்தாள். ஆள் எண்ணுகிற பழக்கத்தில் விரலை வைத்து எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டேதான்.

மூன்றாம் தேதிக் கடிதத்தின் தலைப்பைச் சங்கீதா படித்தாள். "எங்கப்பா இதையே வாய்லயே சொல்லிப்போட்டாருங்க. எட்டு வருசமாச்சு" என்று சொல்லி அழித்தாள்.

"மிச்சம் பதினொண்ணையும் அனுப்பலாங்களா?"

"வேண்டாம் சாமி. பதினொண்ணுலயும் 'பார்வை: மேற்படி கடிதம்'னு போட்டிருக்கேன்."

அப்போதுதான் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். பதினொன்றையும் அழித்தாள். குப்பைத் தொட்டியையும் இரண்டு முறை காலி செய்ய வைத்தேன். வைஃபை வந்தது. நாலு நாற்பது.

புதிதாகத் தட்டினேன். 'பொருள்: திருவிழாவுக்கு வருதல். பார்வை: இன்றைய உன் மெயில். அனுமதிக்கப்பட்டது. பலா பழுத்துவிட்டது. சீக்கிரம் வா கண்ணு. இங்ஙனம், அப்பா.' ஒருமுறை படித்துப் பார்த்து 'இங்ஙனம்' என்பதை மட்டும் எடுத்துவிட்டேன். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. கட்டம் எதுவும் வரவில்லை. பழக்கத்தில் ஓகே அழுத்த என் விரல் தேடியது.

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது. 'உத்தரவு கிடைத்தது. நாளைக்கு முதல் பஸ். நகல்: அம்மா.'

ஊட்டுக்குப் போனபோது கண்ணாயி கம்பு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். டூட்டி முடித்த கையோடு வெண்ணிலா போனில் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. என்னையும் என் கையில் இருந்த லேப்டாப்பையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"கோயிலுக்குக் கொண்டுபோனது வேலை செஞ்சிருச்சாட்டம் இருக்குதுங்க."

"ஆமா" என்றேன். "நொம்ப சக்தி."