ஒன்பது பிள்ளையார்கள்

ஏற்காட்டு சாதிக் பாஷாவின் ஜீப்பில் முன் சீட்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்து ஏறினேன். வீராயக்கா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்தாள். நான் சரியான கல்லைத்தான் திரும்ப வாங்குகிறேனா என்று பார்க்க, மஞ்சக்குட்டை எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கிற பதினெட்டுக் குடும்பமும் சேர்ந்து அவளை என்னோடு அனுப்பியிருந்தது. ஐந்து வருஷமாக என் பேச்சை அங்கே யாரும் நம்புவதில்லை.

எங்கள் மலையில் காப்பிக் குழி வெட்டும்போது எப்போதாவது வழவழப்பான கல் ஒன்று கிடைக்கும். ஒரு முனை ஒடுங்கியிருக்கும், மறுமுனை தீட்டியது போல அகலமாக இருக்கும். அதை யாரும் வீச மாட்டோம். மரத்தடியில் வைத்துப் பிள்ளையார் என்று கும்பிடுவோம். எங்கள் பலாமரத்துப் பிள்ளையாருக்கு நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் பூசுகிறார்கள்.

அவரைத்தான் நான் தூக்கிக் கொடுத்தேன். ஒருநாள் எல்லோரும் காய் பறிக்கப் போயிருந்தார்கள். காய்ச்சலில் நான் மட்டும் வீட்டில் கிடந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வந்து, இது கற்காலத்துக் கோடாரி, கண்காட்சியில் ஒரு மாதம் வைத்துவிட்டுத் தருகிறேன் என்றார். நம் சாமியை நாலு பேர் பார்க்கட்டுமே என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மனுஷன் போனவர் போனவர்தான். அவர் கொடுத்த விலாச அட்டையும் மழையில் ஊறிப் போயிற்று.

அதிலிருந்து மிளகு காய்க்காவிட்டாலும் என்னால்தான், காட்டெருமை வந்தாலும் என்னால்தான். பொங்கல் வைக்கும்போது என் பானையை மட்டும் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். போன வாரம் பொறுக்க முடியாமல், "அடுத்த வெள்ளிக்கிழமை பொங்கலுக்குக் கல்லோட வரேன், இல்லீன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

முதலில் சேலத்து அருங்காட்சியகத்துக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பழைய பானையை வீராயக்கா வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"இதே மாதிரி என்ற ஊட்டுல அடுப்பு மேல கிடக்குது. இதுக்கு எதுக்குங்க கண்ணாடி?" என்று காவலாளியைக் கேட்டாள்.

எங்கள் கல் அங்கே இல்லை. அந்தக் காவலாளிதான், தர்மபுரி ரோட்டில் ஒரு பெரியவர் தன் வீட்டு மாடியிலேயே கண்காட்சி வைத்திருந்ததாகச் சொன்னார். மூன்று இடத்தில் வழி கேட்டு, இரண்டு முறை ஜீப்பைத் திருப்பி, மத்தியானம் அந்த வீட்டைப் பிடித்தோம்.

பெரியவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் மருமகள் ராஜேஸ்வரி மாடியைத் திறந்துவிட்டாள். பெட்டிக்குள் ஒன்பது கற்கள். எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, ஒன்று போலவே இருந்தன. கீழே, 'புதிய கற்காலக் கோடாரிகள். நிலத்தில் கண்டெடுக்கப்பட்டவை' என்று எழுதியிருந்தது.

"கண்டெடுத்தாரா? இந்த ரெண்டு கையால நான் தூக்கிக் குடுத்தனுங்க!" என்று கத்தினேன்.

ராஜேஸ்வரி மிரண்டுபோனாள். "சத்தம் போடாதீங்கம்மா. உங்களோடது எதுன்னு காட்டுங்க, இப்பவே தந்துடறேன்."

எதைக் காட்டுவேன்? எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் எங்கள் கல்லை நானும் பார்த்ததில்லை, வீராயக்காவும் பார்த்ததில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டேன். "மண்ணுல கிடந்த கல்லுன்னா தண்ணி பட்டதும் நனைஞ்சு கறுத்துப்போயிருமுங்க. எண்ணெய் ஊறின கல்லுல தண்ணி ஒட்டாது."

முதல் கல்லில் ஊற்றினேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. வீராயக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று பக்கத்துக் கல்லிலும் ஊற்றினேன். அதிலும் உருண்டது. மூன்றாவதிலும் அப்படியே. ஒன்பது கல்லிலும் தண்ணீர் ஒட்டவில்லை.

ராஜேஸ்வரி மாமனாரின் நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். அதில் ஒன்பது ஊர்களின் பெயர் இருந்தது. எந்தக் கல் எந்த ஊருடையது என்று மனுஷன் எழுதவில்லை.

வீராயக்கா என் காதருகே வந்தாள். "ஏதோ ஒண்ண எடு புள்ள. நம்முளுதுதான்னு நான் சத்தியம் பண்றேன். யாருக்குத் தெரியப்போவுது?"

ஐந்து வருஷமாக என்னை அதிகம் ஏசியவள் அவள்தான். அவளே பொய் சொல்லத் தயாராக நின்றாள். என் கை ஒரு கல்லைத் தூக்கிவிட்டது. நடுவரிசையில் என் பானை பொங்குவதைக்கூட மனசில் பார்த்துவிட்டேன். அப்புறம் கீழே வைத்தேன்.

"வேண்டாங்க்கா. ஒவ்வொரு ஊர்லயும் என்னை மாதிரி எவளோ ஒருத்தி ஏச்சு வாங்கிட்டு இருப்பா. அவ சாமிய நான் எப்படித் தூக்கிட்டுப் போறது? எட்டு ஊரையும் கூட்டியாறேன். அவங்க கல்லுல பொக்கு, கீறல்னு எதாச்சும் அடையாளம் வச்சிருப்பாங்க. எல்லாரும் எடுத்துக்கிட்டா மிச்சம் இருக்கறது நம்முளுது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள எட்டு ஊரா?"

"ஆமாங்க்கா. முடியாட்டி அதுக்கடுத்த வெள்ளிக்கிழமை."

அதுவரை ஒரு கல்லையும் யாருக்கும் தர மாட்டேன் என்று ராஜேஸ்வரி வாக்குக் கொடுத்தாள். நோட்டின் பக்கத்தைச் சாதிக் பாஷா போனில் படம் எடுத்துக்கொண்டு, "முதல் பேரு குப்பனூருங்க்கா. போலாங்களா?" என்றார்.

குப்பனூரில் குழாயடியில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். ஜீப்பில் இருந்தபடியே கேட்டேன். "ஏனுங்க, உங்க ஊருப் பிள்ளையார் கல்லைக் கண்காட்சிக்குத் தூக்கிக் குடுத்தது யாருங்க?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "மாதம்மாளுங்க. அதா, அந்தக் கடைசி ஊடு. அவகூட இங்க யாரும் பேசறதில்லீங்க" என்றாள்.

நான் கதவைத் திறந்து இறங்குவதற்குள், வீராயக்கா இறங்கி அந்த வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.