கைராசிக்காரர்

கண்ணாடிக் குடுவைக்குள் இருக்கும் மரக்கன்றுக்கும் தனக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பது மாப்பிள்ளையின் கருத்து. நாள் முழுக்க டியூப்லைட் வெளிச்சம், வேளைக்குச் சாப்பாடு, வெளியே போக மட்டும் அனுமதி கிடையாது. கொஞ்ச நாளைக்கு என்று ஒற்றைப் பையோடு அந்தத் திசு வளர்ப்புக் கூடத்துக்கு வந்தவர், விருந்துக்கு வந்து தங்கிவிட்டவர் மாதிரி ஆகிப்போனதால் வைத்த பெயர்தான் மாப்பிள்ளை. மனைவியும் மகளும் வேறு ஊரில்.

கன்று வேர் பிடித்த மறுநாளே அவர்கள் இருக்கும் ஊருக்கு மாற்றல் உத்தரவில் கையெழுத்து என்று சொல்லியிருந்தார் டைரக்டர். புது மரபணு செருகிய அந்த மரத்தின் துளிர்களோ இலை விட்டன, வேர் மட்டும் விடவில்லை. வேர் வரவழைக்கும் ஹார்மோனான ஆக்ஸினை மாப்பிள்ளை கூட்டிக்கூட்டிப் போட்டார். பல்வலிக்காரர் கன்னம் போல அடித்தண்டு வீங்கியதுதான் மிச்சம்.

ஒரு நாள் வளர்ப்புக் கூழ் காய்ச்சும்போது மனைவி போன் செய்தாள்.

"ஸ்கூல்ல குடும்பப் படம் வரையச் சொன்னாங்களாம். உங்களைச் செவ்வகமா வரைஞ்சிருக்கா."

"செவ்வகமா?"

"போனுங்க. சார்ஜ் கம்மியா இருக்குன்னு வேற காட்டியிருக்கா."

சிரித்துத்தான் வைத்தார். ஆனால் மனசு அங்கேயே நின்றுவிட்டதில், ஆக்ஸினை ஊற்ற மறந்தார். அந்தக் கூழில் நட்ட வரிசையில்தான் சில நாளில் வெள்ளை நூலாக வேர் இறங்கியது.

யோசித்ததும் புரிந்தது. செருகிய மரபணுவே உள்ளுக்குள் ஆக்ஸினைத் தாராளமாகச் சுரக்கவைக்கிறது. இவர் மேலே ஊற்றியதெல்லாம் வயிறு நிறைந்தவனுக்கு ஊட்டிவிட்ட கதை. மறந்துபோனதையும் மறைக்காமல் டைரக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னார்.

"மருந்தே இல்லாம வேர் வருதுன்னா என்னய்யா அர்த்தம்? கைராசி! உங்களை எப்படி அனுப்புறது?"

வேறு யாரும் குடுவையைத் தொடக்கூடாது என்று உத்தரவும் வந்தது. வேர் வராதபோதும் போக முடியவில்லை, வந்தபோதும் போக முடியவில்லை.

மறுநாள் டைரக்டர் அறைக்குப் போனார். "சார், ஒரு தடவை உங்க கையால வைங்களேன்."

டைரக்டர் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். "ஹார்மோன் எவ்வளவு?"

"உங்க கைக்கு அதெல்லாம் எதுக்கு சார்?"

இடுக்கியை எடுத்தார். ஒரு துளிரைத் தலைகீழாக நட்டார். அவர் பெருமையாக நிமிர்ந்த நேரத்தில் மாப்பிள்ளை அதை நேராக்கிவிட்டார்.

பிறகு மாப்பிள்ளை தினமும் குடுவையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது வேர், கொத்துக்கொத்தாக. டைரக்டர் அதைக் கட்டடம் முழுக்கக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"நீங்க இல்லாட்டியும் நடக்கும் போலிருக்கேய்யா."

"ஆமா சார். அதான் எனக்கும் வருத்தம்."

பையோடு கிளம்பும்போது குடுவைகளைக் கடைசியாகப் பார்த்தார். ஒரு வேர் கண்ணாடியில் முட்டி, வழியில்லாமல் சுருண்டிருந்தது. மரபணு மாற்றிய மரம், வெளியே நட அனுமதி கிடையாது. அடுத்தும் பூட்டிய வலைக்கூண்டுக்குத்தான் போகும். "என்ன செய்ய, உனக்கு ஆர்டர் வரலையே," என்று முணுமுணுத்து, குடுவையைக் கதவுப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

வாசலில் போனை எடுத்தார். சார்ஜ் தீர்ந்திருந்தது. தீரட்டும் என்று பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.