ஒற்றை விளக்கு சிக்னல்

காலையிலிருந்து மாமனார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பதும் போவதுமாக இருந்தார். ஆயிற்றா என்று கேட்கமாட்டார். தொண்டையைக் கனைப்பார், அவ்வளவுதான். அந்தக் கனைப்புக்கு என் ஆபீஸ் மேனேஜர் எவ்வளவோ தேவலை.

அவர் முன்னாள் ரயில் டிரைவர். கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. அதற்குள் தான் வண்டி ஓட்டிய பாதையை வளைவு, பாலம், சிக்னல் என்று தானே கட்டி வைத்துத் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி புதிய பதிப்பை விட்டது. அதில் அவருடைய பாதை திறக்கவில்லை. ஒரு வாரமாக மனிதர் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். பார்க்கிற எனக்கே கால் வலித்தது.

தன் ஃபைலில் எது எங்கே இருக்கிறது என்று கம்பெனிக்காரன் வெளியே மூச்சு விடமாட்டான். அதனால் பழைய ஃபைலைப் புதியதாக மாற்ற நானே ஒரு டூல் எழுத உட்கார்ந்தேன். எல்லாம் ஊகம்தான். ஒரு எண்ணை மாற்றித் திறந்தால் மரங்கள் அந்தரத்தில் நிற்கும், இன்னொன்றை மாற்றினால் பிளாட்பாரம் ஆற்றுக்குள் கிடக்கும். ஒவ்வொரு சிக்னலின் கடைசியிலும் ஓர் எண் இருந்தது. எல்லாவற்றிலும் பூஜ்யம், ஒன்றில் மட்டும் ஏழு. அந்த ஏழு இருக்கும்வரை புதிய பதிப்பு முரண்டு பிடித்தது. குப்பை என்று நினைத்து அதையும் பூஜ்யமாக்கினேன். பாதை திறந்துகொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன்.

சமையலறையில் மனைவியிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

"பாருங்க, அந்த ஒத்த விளக்கு சிக்னல்ல நிறுத்திட்டு எழுந்து வந்துடுவார். அதுக்கு மேல போகவே மாட்டார்," என்றாள்.

"ஏன்?"

"அங்கதான அப்பாவை இன்ஜின்லேர்ந்து இறக்கினாங்க. பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கலைன்னு ரிப்போர்ட். கூட இருந்தவன் பச்சைன்னான், இவர் சிவப்புன்னார். கண்ணை சோதிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் சிவப்புதான்னு சாதிக்கிறார். அதான் இந்த கேம்ல அந்த விளக்கை எப்பவும் சிவப்பாவே வச்சிருக்கார்."

ஏழு. குப்பை என்று நான் அழித்தது அந்தச் சிவப்பைத்தான்.

ஓடிப்போய்ப் பார்த்தால் ரயில் நின்றிருந்தது. திரையில் அந்த ஒற்றை விளக்கு பச்சையாக எரிந்தது. மாமனார் எழுந்திருக்கவில்லை. மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

"மாப்ளே, இது என்ன கலர்?"

சிவப்பு என்று சொல்லிவிட்டு அப்புறமாக எண்ணைச் சரிசெய்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் பொய் வரவில்லை.

"பச்சை மாமா."

"சிவப்பாதான வச்சேன்." குரல் உள்ளே போயிருந்தது. "அப்போ நிஜமாவே எனக்குத்தான்..."

"இல்ல மாமா. சிவப்பாதான் இருந்துச்சு. நான்தான் தெரியாம மாத்திட்டேன்."

திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அன்னைக்கும் யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றார்.

"திரும்ப சிவப்பாக்கிடட்டுமா மாமா?"

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். வண்டி கிளம்புமுன் அடிக்கும் ஹாரனை ஒரு முறை நீளமாக அடித்தார். வாசலில் என் மனைவி டீ டம்ளரோடு வந்து நின்றாள். இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. அவருடைய விரல் வண்டியைக் கிளப்பும் பட்டன் மேல் இருந்தது, அழுத்தாமல்.