மய்யித்தில் கண்டது

ரவிக்கையின் இடது பக்கம் உரிந்து வரமாட்டேன் என்றது. மய்யித்தைக் குளிப்பாட்ட வந்த பாத்துமுத்து கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை அந்த இடத்தில் மெல்ல ஊற்றினாள். துணி ஊறியது. அத்தர் மணத்தைத் தள்ளிக்கொண்டு வேறொரு நாற்றம் எழுந்தது. கால்மாட்டில் வாளியோடு நின்ற ஜஸ்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி மறைத்த இடத்தில், பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்த பலகைமேல் ஜொஹரா பேகம் கிடந்தாள். ஜஸ்னாவின் மாமியார். கொஞ்ச நாளாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள். ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால் கடித்துக் குதறுவாள். விடியும் முன்னே போய்ச் சேர்ந்துவிட்டாள். நெஞ்சுவலி என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டியாகிவிட்டது.

உள்ளே இருந்தது நாலு பேர்தான். தலைமாட்டில் இறந்தவளின் தங்கை மைமூன்; இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை மொண்டு கொடுக்க ஜொஹராவின் மகள் ஷிபா; மற்ற இருவர் பாத்துமுத்துவும் ஜஸ்னாவும்.

ரவிக்கை ஒருவழியாகப் பிரிந்தது. உள்ளே பழைய வேட்டித் துண்டுகள், மடித்து மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே இருந்ததில் அத்தர். அடுத்ததில் காய்ந்த பழுப்பு. கடைசித் துண்டு சதையோடு ஒட்டிக்கிடந்தது. பாத்துமுத்து அதை நனைத்து எடுத்தாள். காம்பு இருக்க வேண்டிய இடம் உள்ளே இழுத்துக் குழி விழுந்திருந்தது. சுற்றிலும் தோல் வெடித்து அழுகியிருந்தது. விரல் பட்டதும், செத்த உடம்பிலிருந்து துருத்தண்ணீர் மாதிரி ஒரு சொட்டு கசிந்து வழிந்தது.

"எனக்க ரப்பே! இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. வருசமா வச்சுக்கிட்டு இருந்திருக்கா" என்றாள் பாத்துமுத்து.

ஷிபாவின் கையிலிருந்த கோப்பை தரையில் விழுந்தது. ஜஸ்னா அவளைப் பார்க்கவில்லை. மைமூனின் வலது கை ஆட்காட்டி விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் இதே வீட்டு உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு, அந்த விரல்தான் ஜஸ்னாவின் மாரைப் பிதுக்கியது. மருமகளின் நைட்டியில் ஈரம் கண்டு மாமியார்தான் தங்கையை ஆள்விட்டு அழைத்திருந்தாள். ஜஸ்னாவின் புருஷன் சபீர் ஷார்ஜாவுக்குப் போய் வருஷம் தாண்டியிருந்தது. ஜஸ்னா அதுவரை பிள்ளை பெற்றவளும் இல்லை. மைமூன் விரலை மூக்கடியில் வைத்து மோந்து பார்த்தாள். "பாலுதான் லாத்தா" என்று அக்காளிடம் சொன்னாள். அந்தி மயங்குவதற்குள் குளச்சலில் பாதித் தெருவுக்குத் தெரிந்துவிட்டது, சபீர் பெண்டாட்டி எங்கேயோ போய்க் கலைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று. என்ன வாயோ! கரைக்கு வந்த சாளை மீன்கூட அத்தனை வேகத்தில் விற்றுப்போகாது.

ஜஸ்னா தன் உம்மாவோடு மார்த்தாண்டத்துக்குப் போய் டாக்டர் பெமிலாவைப் பார்த்தாள். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று டாக்டர் கேட்டார். ஏப்பத்துக்கும் ஓங்கரிப்புக்கும் மருந்துக்கடையில் தானாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிய மாத்திரை. அது செய்த வேலை. நிறுத்தினாள், கொஞ்ச நாளில் பாலும் நின்றது. "ரெண்டு பக்கமும் பாலு போல வந்தா பெரும்பாலும் இப்பிடி ஏதாவதுதான். ஒத்தப் பக்கமா, தன்னால, ரத்தமோ தண்ணியோ வந்தா மட்டும் ஒரு நாளும் வச்சுக்கிட்டு இருக்கப்பிடாது" என்று டாக்டர் சொன்னதை, வந்த கையோடு மாமியாரிடமும் ஷிபாவிடமும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"சீ! நாறப் பேச்சு. வாய மூடுட்டி" என்று மாமியார் எழுந்து போனாள். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் நாள் முழுக்க அத்தர் மணக்கத் தொடங்கியது. பாவி, எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறாள்.

சபீர் போனில் பேசுவதை நிறுத்திக்கொண்டான். லீவில் வந்தவன் முன்னறையிலேயே படுத்தான். சோற்றைத் தங்கை கையால் வாங்கித் தின்றான். வரும் வெள்ளிக்கிழமை ஜமாத்தில் கூடிப் பேசுவதாக இருந்தது, ஜஸ்னாவை வைத்துக்கொள்வதா, தேங்காப்பட்டணத்தில் அவள் வீட்டிலேயே கொண்டுவிடுவதா என்று. கொண்டுவிட்டால் விடட்டும். ஆனால் அந்தப் பேரோடு படியிறங்க அவளால் முடியாது. நாங்கள் சொன்னது பொய் என்று இந்த வீட்டு வாய் ஒன்றாவது சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் இத்தனை மாதமும் இங்கே கிடந்தாள்.

"மூடு பாத்துமுத்து, மூடு. பஞ்சு வச்சு அடை" என்று மைமூன் பதறினாள். "ஏட்டி பிள்ளையளே, மய்யித்துல கண்டத வெளிய மூச்சு விடப்பிடாது. அல்லா பொறுக்க மாட்டான், கேட்டியளா?"

"அது நெசந்தான். குளிப்பாட்டுனவ மறைக்கணும்" என்றாள் பாத்துமுத்து.

"அப்போ உயிரோட உள்ளவளுக்கு, சாச்சி?" ஜஸ்னா வாளியைக் கீழே வைத்தாள். "எனக்க மாரப் பிதுக்கி மோந்து பாத்தியளே. அதத் தெருவெல்லாம் சொல்லும்போ அல்லாவுக்க பயம் எங்க போச்சு?"

"மய்யித்தப் போட்டுவச்சுக்கிட்டு வழக்குப் பேசாத" என்றாள் மைமூன்.

பாத்துமுத்து பஞ்சை நீட்டினாள். மைமூன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஷிபா மறைப்புக் கம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கடைசியில் ஜஸ்னாதான் வாங்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குழிக்குள் பஞ்சை வைத்து அடைத்தாள். இரக்கத்தால் ஒன்றும் இல்லை. போர்த்தும் கபன் துணியில் கசிந்து ஊர் பார்த்தால், ஐயோ பாவம் என்று அந்தக் கிழவிக்காக உச்சுக்கொட்டுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க இவளுக்குப் பிடிக்கவில்லை.

முகம் பார்க்க சபீர் வந்தான். அழுது கண் வீங்கியிருந்தது. "உம்மாக்கு என்னதான் செஞ்சுது சாச்சி?"

"நெஞ்சுவலிதான் மக்கா. முகத்தப் பாரு, என்னா வெளிச்சம்! சுகமான மவுத்து." மைமூன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அந்த வாயைப் பார்க்கையில் ஜஸ்னாவுக்குப் புண்ணைப் பார்த்ததைவிட அருவருப்பாக இருந்தது.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி முன்னறையில் உட்கார்ந்தார்கள். ஜஸ்னா தலைக்குக் குளித்தாள். சோப்பைக் கரையக் கரையத் தேய்த்தும் நகக்கண்ணில் அந்த நாற்றம் இருப்பது போலவே இருந்தது. உள்ளறைக்கு வந்து பெட்டியைத் திறந்து தன் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள். இந்த வீட்டில் யாரும் எதையும் சொல்லப்போவதில்லை. சொல்லக்கூடிய ஒருத்தியைத்தான் மண்ணில் வைத்துவிட்டு வந்துவிட்டார்களே.

ஷிபா உள்ளே வந்து கதவுக்குத் தாழ் போட்டாள்.

"மைனி, அந்த மார்த்தாண்டத்து டாக்டரு எங்க இருக்காங்க?"

ஜஸ்னா திரும்பினாள். ஷிபா ஷாலை ஒதுக்கி, மேல் பித்தான்களைக் கழற்றினாள். உள்ளே ஒரு துணி. அதில் இடது பக்கமாக, தேயிலைக் கறை போல ஒரு வட்டம். ஷிபாவின் ஒரே மகன் பால் மறந்து பள்ளிக்கூடம் போகிறான். அவள் மாப்பிள்ளை குவைத்தில்.

"எப்பப் பிடிச்சு?"

"நோம்புக்கு முன்னாலயே. உம்மாட்ட சொன்னேன். துணி வச்சு மறச்சுக்க, ஒருத்தருக்கும் தெரியப்பிடாது, தெரிஞ்சா ஜஸ்னாவுக்கு வந்த பேரு ஒனக்கும் வரும்னு சொல்லிட்டாங்க."

ஜஸ்னாவுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. பெற்ற மகளை! தான் பரப்பின பொய்க்குத் தானே பயந்து, தன் மாரையும் அழுகவிட்டு, மகள் மாரிலும் துணியைத் திணித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஷிபா அழுதாள். "எனக்கும் உம்மா மாதிரியா மைனி?"

"எல்லாருக்கும் அதுவாத்தான் இருக்கணும்னு இல்ல. பாத்தாத்தான் தெரியும். டாக்டரு ராத்திரி வரைக்கும் இருப்பாங்க, இப்பமே போவலாம்."

"சபீர் காக்காட்ட மட்டும் சொல்லாதீங்க." ஷிபா அவள் கையைப் பிடித்தாள். "உங்களுக்குத்தான் காட்டணும்னு சொல்லிக்கிடுவோம். உங்களுக்குத்தான் எப்பிடியும்..."

ஜஸ்னா கையை விடுவித்துக்கொண்டாள்.

"எப்பிடியும் பேரு கெட்டவதானே. இன்னும் கொஞ்சம் கெட்டா என்னன்னுதானே?"

"அப்பிடி இல்ல மைனி..."

"நான் வாறேன். எங்க வேணும்னாலும் கூட வாறேன். ஆனா ஒனக்க காக்காட்ட நீயே சொல்லு. ஒனக்கு இப்ப என்ன, எனக்கு அன்னைக்கு என்ன, ரெண்டையும் சொல்லு."

"அங்க சொந்தக்காரவ எல்லாம் இருக்காவ."

"அன்னைக்கும் இருந்தாவ."

ஷிபா பித்தான்களைப் போட்டாள். ஒன்று மாறி விழுந்தது. கழற்றித் திரும்பவும் போட்டாள். கதவின் தாழை எடுத்தாள். ஷாலைத் தலைக்கு இழுத்துவிட்டாள். பிறகு முன்னறைக்குப் போனாள்.

"காக்கா, ஒரு விசயம் சொல்லணும்." தேவைக்கு மேல் உரக்கவே கேட்டது அவள் குரல்.

முன்னறையில் பேசிக்கொண்டிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஜஸ்னா பர்தாவை எடுத்து மாட்டிக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.