நாத்தனார் எடுத்துவந்த பாட்டில்

ஊசியில் நூல் கோக்கப்போன தையல்காரிக்கு அன்று காலை ஊசியின் காது இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். இமைகள்தான் தானாகக் கீழே இறங்கின.

"வேல மும்முரத்துல கண்ணு பூத்துப்போச்சு அண்ணி" என்றாள், தபால் நிலைய வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாத்தனாரிடம். கணவரின் அக்காள். எதிலும் மூக்கை நுழைக்கிறவள் என்று அவள்மேல் தையல்காரிக்குப் பத்து வருஷ மனத்தாங்கல்.

"கண்ணு கெடக்கட்டும். நாக்கு ஏன்டி குழறுது? நேத்து என்ன சாப்பிட்ட?"

தானே வேகவைத்து, பாட்டிலில் அடைத்து வைத்திருந்த பீன்ஸ். வீட்டில் வேறு யாருக்கும் அது பிடிக்காது. மூடி கொஞ்சம் உப்பியிருந்ததையும் சொன்னாள். நாத்தனார் உடனே குப்பைத்தொட்டியில் முழங்கை வரை கைவிட்டுக் காலி பாட்டிலை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். வாடகைக் காரைக் கூப்பிட்டாள்.

மருத்துவர் பாட்டிலைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "நல்லவேள, இதக் கொண்டுவந்தீங்க. இது மூடி உப்பின பாட்டில்ல வளர்ற கிருமியோட நஞ்சு, பொட்டுலிசம். இல்லன்னா பக்கவாதம்னு நெனச்சு நேரத்த வீணாக்கியிருப்போம்."

நஞ்சுக்கு மாற்றுமருந்து ஏறியது. ஆனாலும் மாலைக்குள் மூச்சு தடுமாறி, குழாய் போட்டுவிட்டார்கள். விரல்கூட அசையவில்லை. காதும் புத்தியும் மட்டும் முழுசாக விழித்திருந்தன.

"மருந்து போட்டாச்சே, ஏன் இப்படிக் கெடக்கறா?" என்று நாத்தனார் மருத்துவரிடம் கேட்பது காதில் விழுந்தது.

"இந்த நஞ்சு நரம்பு நுனியத்தான் தேடும். அந்த நரம்போட மேல்தோல்ல கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு அடையாளம் இருக்கு. மொதல்ல அதுல ஒட்டிக்கும். அது மட்டும் பத்தாது. நரம்பு தசைக்குச் சேதி அனுப்புறப்போ உள்ள இருக்கிற ஒரு புரதம் வெளிய எட்டிப்பாக்கும். அதையும் பிடிச்சுக்கிட்டு, அது திரும்புறப்போ கூடவே உள்ள நுழைஞ்சிடும்."

ரெண்டு கொக்கியும் மாட்டினால்தான் ரவிக்கை நிற்கும் என்று தையல்காரி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"அப்ப மருந்து?"

"வெளிய சுத்துறத மடக்கும். உள்ள போனத ஒண்ணும் பண்ணாது. ஆனா நரம்பு சாகல, மெதுவா மீளும். நீங்க வந்த நேரத்துல நெறைய நஞ்சு இன்னும் வெளியதான் இருந்திருக்கும்."

நாத்தனார் நீண்ட விடுப்பு எடுத்தாள். தினமும் தலைமாட்டில் உட்கார்ந்து, தப்பு முகவரிக்குப் போன கடிதங்களிலிருந்து மேலதிகாரியின் குறட்டை வரை பேசித்தீர்த்தாள். "நீ எதிர்த்துப் பேசாம கேக்கறது இப்பதான். சும்மா விடுவேனா?" தையல்காரி உள்ளுக்குள் சிரித்தாள். அந்தக் குரல் ஒரு நாள்கூட வராமல் போய்விடக் கூடாதே என்று முதல் தடவையாகப் பயந்தாள்.

பத்தொன்பதாம் நாள் ஒரு விரல் அசைந்தது. ஏழாவது வாரம் குழாயை எடுத்தார்கள்.

"அண்ணி" என்றாள், காற்றாக. "எனக்காக... குப்பையில கைய விட்டீங்களே."

"அதெல்லாம் அன்னிக்கே சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்டி" என்றவளின் குரல் உடைந்தது.

தையல்காரி அவள் மணிக்கட்டைப் பற்றினாள். பிடியில் பலமே இல்லை; ஒரு குழந்தைகூட உதறிவிடலாம். நாத்தனார் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.