சீறாத கரப்பான்

காலேஜ் விலங்கியல் லேபில் மடகாஸ்கர் கரப்பான்கள் பெருகிவிட்டனவென்று எனக்கும் இனாயத்துக்கும் ஆளுக்கொரு ஜோடி கொடுத்தார்கள். கட்டைவிரல் நீளம், இறக்கை கிடையாது, தொட்டால் பாம்பு மாதிரி சீறும். அதாவது, இனாயத்தின் ஆண் சீறும். என்னுடையதைத் தொட்டால் அது பாட்டுக்கு கேரட் தின்னும்.

அதனால் வகுப்பே அவனுடைய தி.நகர் வீட்டுக்குப் படையெடுத்தது. "டில்லி, உன்னுது ஊமைடா" என்று எல்லோர் எதிரிலும் என்னிடம் சொன்னான். அவனிடம் பல்பு வைத்த கண்ணாடிப் பெட்டி. என்னிடம் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் வாங்கி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா. போதாக்குறைக்கு அவனுடைய பெண் கரப்பானுக்கு வயிறு உப்பியிருந்தது. முதல் குட்டி அவன் வீட்டில்தான் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. டப்பாவைத் திறந்து திறந்து, அவனுடையதுக்கு முன்னாடி குட்டி போட்டுவிடு தாயே என்று கெஞ்சினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் பெண் கரப்பானின் பின்னாலிருந்து வெளிர்மஞ்சளாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. குடல் சரிந்துவிட்டதா, குட்டி மாட்டிக்கொண்டதா, ஒன்றும் புரியவில்லை. இழுத்துவிடலாம் என்று அக்கா புருவம் பிடுங்கும் இடுக்கியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். கேட்பதற்கு ஒரே ஆள்தான், இனாயத். அவனிடம் கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டப்பாவை அணைத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடி, ஒரு ரூபாய் போனில் காசைப் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். இழு என்று அவன் சொல்லியிருந்தால் இழுத்திருப்பேன்.

"தொடாத மச்சி" என்றான். "அது முட்டைப் பை. காத்து காட்ட வெளிய நீட்டும், தானா உள்ள இழுத்துக்கும். அப்பால உள்ளயே பொரிச்சு குட்டியா போடும்."

மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பை மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"போவுதுடா. உன்னுது எப்போ நீட்டிச்சு?"



"என்னுது நீட்டவே இல்ல" என்றான். "சும்மா தின்னு தின்னு உப்பிக்கீது போல."

எனக்கு நன்றாகவே கேட்டது. அதற்குள் நேரம் முடிகிறதென்று போன் பீப் அடித்தது. அவசரமாக இன்னொரு ரூபாயைப் போட்டேன்.

"இன்னாடா சொன்ன? லைன் சரியில்ல. இன்னொரு வாட்டி சொல்லு."