வீட்டுக்குள் மட்டும் திறந்த பக்கம்

தையல்காரரின் வீட்டில், வெட்டு மேசைக்கு அடியில், துணி மூட்டைகளுக்கு நடுவே, ஒரு பழைய கம்ப்யூட்டர் பெருமூச்சு விட்டபடி ஓடிக்கொண்டிருக்கும். டயாலிசிஸுக்குப் போகிறவர்களுக்கான வலைத்தளம் அதில்தான் இருந்தது. வண்டி வேண்டிய நாளை நோயாளி வீட்டார் அதில் எழுதுவார்கள். வண்டி வைத்திருக்கும் நல்ல மனசுக்காரர்கள் பார்த்துவிட்டு வந்து ஏற்றிப்போவார்கள். தன் அக்காவைத் தாங்கிப் பிடித்து பஸ் பஸ்ஸாக அலைந்த அலுப்பில், தையல்காரரே கற்றுக்கொண்டு செய்தது.

ஒருநாள், அப்படி ஏற்றிப்போகிறவர்களில் ஒருவரான வேன்காரர் போன் செய்தார்.

"அண்ணே, பக்கம் திறக்கவே மாட்டேங்குது."

தையல்காரர் தன் கைபேசியில் தட்டினார். பளிச்சென்று திறந்தது.

"இங்க நல்லாத்தானே திறக்குது? முதல்ல உன் போனை மாத்துப்பா. அதுக்கு உன் வேனைவிட வயசு ஜாஸ்தி."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டார் வேன்காரர்.

பிறகும் சிலர் சொன்னார்கள். எல்லோருக்கும் அதே பதில்தான். பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்தன; கண் எரிந்தது, முதுகு கழன்றுவிடும் போலிருந்தது.

கடைசியில் அக்காதான் கேட்டாள். "ஏன்டா, இந்த வாரம் யாருமே வண்டி கேட்டு எழுதலையே. எல்லாருக்கும் ஒரேயடியா குணமாயிடுச்சா?"

மிஷினை மிதித்த கால் நின்றது. கைபேசியோடு தெருமுனைக்கு நடந்தார். வீட்டு வைஃபை அங்கே எட்டாது. பக்கம் சுற்றிச் சுற்றி நின்றுபோனது. இத்தனை நாளும் அந்தக் கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டுக்குள் இருந்தே திறந்து பார்த்திருக்கிறார்!

இணையக் கம்பெனிக்குப் போன் செய்தார். எடுத்த பெண் பணிவாகச் சொன்னாள்: "வீட்டு இணைப்புல எண்பதாவது போர்ட், நானூத்தி நாப்பத்தி மூணாவது போர்ட் ரெண்டையும் அடைச்சிட்டோம் சார். வெளியில இருந்து வர்றவங்களுக்கு அதுதான் வாசல். கம்பெனிகளுக்கான இணைப்பு எடுத்தா திறந்து தருவோம்."

அது தையல் கூலிக்கு எட்டாத உயரம். அதைவிடப் பெரிய கவலை, இத்தனை நாள் நோயாளிகள் எப்படிப் போனார்கள் என்பது. மாடிவீட்டுப் பெரியவருக்கு டயாலிசிஸ் ஒரு முறை தவறினாலும் மூச்சு வாங்கும். உடனே வேன்காரரை அழைத்தார்.

"பெரியவரை யாருப்பா கூட்டிட்டுப் போனா?"

"நான்தாண்ணே. எல்லாரையும்தான். பக்கம் தெரியலை, அதான் வீடு வீடா கதவைத் தட்டிக் கேட்டுட்டேன்."

"என்கிட்ட மறுபடி சொல்லக்கூடாதா?"

"நீங்கதான் என் போன்மேல பழியைப் போட்டீங்களே. புதுசு வாங்கறவரைக்கும் கால் இருக்குல்ல?"

தான் அசட்டையாக இருந்த நாளெல்லாம் கடவுள் இந்த மனிதனை நடக்கவைத்திருக்கிறார் என்று தையல்காரருக்குத் தோன்றியது.

அடைபடாத வேறொரு போர்ட்டைத் திறந்தார். எண் எட்டாயிரத்து நானூற்று நாற்பத்து மூன்று. இனி முகவரியின் வாலில் இதையும் சேர்த்துத் தட்ட வேண்டும், வயதானவர்களுக்கு நினைவிருக்குமா? சீருடைக் காலரில் பிள்ளைகளின் பெயர் தைக்கும் நாடாவை எடுத்தார். முகவரியையும் எண்ணையும் நூலில் எழுதி, வீட்டுக்கொன்றாகத் தைத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையில் கட்டிக்கொள்ளட்டும்.

நாடாக்களை வாங்க வந்த வேன்காரரிடம், "கொடுக்கிறதுக்கு முன்னாடி தெருமுனைக்குப் போய் நீ திறந்து பாரு" என்றார்.

சிறிது நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது. "திறந்துடுச்சுண்ணே!"

"எந்தப் போன்ல?"

"அதே கிழட்டுப் போன்லதான்!"

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தார்.